பொறுப்பேற்கும் பண்பும் அருகிவரும் நெருக்கமும்: அரியலூர் மண் தந்த வரலாற்றுப் பாடம்



"காலம் கெட்டுப் போய்விட்டது" என்னும் சொற்களை நாம் நாள்தோறும் கேட்டு வருகிறோம். தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமரும் பெரியவர்களின் பேச்சு பெரும்பாலும் இதில்தான் போய் முடிகிறது. பெற்றோரைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. பக்கத்து வீட்டில் மையித்து விழுந்தாலும் மறுநாள்தான் செய்தி தெரிகிறது. கொடுத்த வாக்கைக் காப்பவர் அரிதாகிவிட்டனர். தவறு செய்தவர் தலைநிமிர்ந்து நடக்கிறார். பதவியில் இருப்பவர் எதற்கும் பதில் சொல்வதில்லை. இவ்வாறு குறைகளின் பட்டியல் நீண்டுகொண்டே செல்கிறது.

இக்குறைகளில் உண்மை இல்லை என்று நாம் கூற வரவில்லை. ஆனால் கெட்டது எது, அது எவ்வாறு கெட்டது, அதனை மீட்க வழி உண்டா என்னும் கேள்விகளை எழுப்பாமல் பெருமூச்சு விடுவதால் மட்டும் பயன் ஏதும் இல்லை. இதற்கு விடை தேட நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வட்டாரத்தில் ஓடும் ஓர் ஆற்றங்கரைக்குச் சென்றாலே போதும்.

மருதையாற்றுப் பாலம்

பெரம்பலூர் மாவட்டத்தின் பச்சைமலையில் பிறந்து, அரியலூர் மாவட்டத்தின் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் கலப்பது மருதையாறு. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் இவ்வாறு, வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் காட்டாறாக மாறிவிடும். இன்று இரு மாவட்டங்களாக இருக்கும் இப்பகுதி, அக்காலத்தில் ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டமாக இருந்தது. பெரம்பலூர் 1995ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகி, 2002ஆம் ஆண்டில் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாக மலர்ந்தது.

அதே நவம்பர் 23ஆம் நாள், 51 ஆண்டுகளுக்கு முன்னர், அரியலூரின் பெயரை இந்தியா முழுவதும் துயரத்தோடு உச்சரிக்க வைத்த நாளாகவும் அமைந்திருந்தது.

1956 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை. முந்தைய இரவு சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், சுபுஹு வேளையில் அரியலூரைக் கடந்து கல்லகம் நோக்கிச் சென்று கொண்டிருந்தது. மழை கொட்டியதால் மருதையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. வெள்ளத்தின் வேகம் பாலத்தைப் பலவீனமாக்கி இருந்ததை எவரும் அறியவில்லை. பாலத்தின்மீது ரயில் வந்தபோது என்ஜினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்தன. உறக்கத்தில் இருந்த பயணிகளில் 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. பெரம்பலூர் நகரத்திற்கு இன்றளவும் ரயில் பாதை இல்லை. ரயில் என்றாலே அரியலூர் நிலையத்தை நினைக்கும் நம் பகுதி மக்களுக்கு இது அயலூர்ச் செய்தி அன்று, தம் வீட்டுத் துயரம்.

பாலத்தைக் கட்டாதவர் ஏற்ற பொறுப்பு

அப்போது மத்திய ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே 1956ஆம் ஆண்டில், சில மாதங்களுக்கு முன்னர்தான் மெஹபூப்நகரில் நிகழ்ந்த ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அப்போதே அவர் பதவி விலகல் கடிதம் அளித்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் சாஸ்திரி மீண்டும் கடிதம் அளித்தார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் அதனை ஏற்க வேண்டாம் எனப் பிரதமரைக் கேட்டுக்கொண்டனர். ஆயினும் இம்முறை நேரு அதனை ஏற்றார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்று கருதி ஏற்கவில்லை என்றும், என்ன நேர்ந்தாலும் எதுவும் நடவாததுபோல் பதவியில் தொடரலாம் என எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே ஏற்பதாகவும் அவர் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

சாஸ்திரி அந்த ரயிலை ஓட்டியவர் அல்லர். அந்தப் பாலத்தைக் கட்டியவரும் அல்லர். மழையைப் பெய்வித்தவரும் அல்லர். பொறியாளரைக் காட்டி, அவர் கீழுள்ளோரைக் காட்டி, இறுதியில் இயற்கையைக் காட்டித் தாம் ஒதுங்கிக்கொள்ள அவருக்கு எல்லா வழிகளும் திறந்திருந்தன. அவர் அவ்வழிகளில் செல்லவில்லை. "என் பொறுப்பில் இருந்த துறையில் நிகழ்ந்தது, எனவே நான் பதில் சொல்ல வேண்டியவன்" என்னும் நிலையை அவர் எடுத்தார்.

மக்களும் இதனை எளிதில் மறக்கவில்லை. துணை அமைச்சராக இருந்த தமிழகத்தைச் சேர்ந்த ஓ.வி. அழகேசனை நோக்கி, 1957 பொதுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தினர் அரியலூரைச் சுட்டிக்காட்டி முழக்கம் எழுப்பினர். அத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார். ஆளுவோர் தாமாகப் பொறுப்பேற்பதும், அவர்களிடம் மக்கள் பொறுப்பைக் கேட்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதற்கு அக்காலம் சான்றாயிற்று.

பதவியை விட்டதால் சாஸ்திரியின் மதிப்புக் குறையவில்லை. 1957 தேர்தலுக்குப்பின் மீண்டும் அமைச்சரானார். 1961இல் உள்துறை அமைச்சரானார். 1963இல் காமராசர் திட்டத்தின்படி கட்சிப் பணிக்காக மறுபடியும் பதவியைத் துறந்தார். 1964 சூன் மாதம், அன்று காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசரின் பெருமுயற்சியால் நாட்டின் பிரதமரானார். 1966 சனவரி 11இல் தாஷ்கண்ட் நகரில் மறைந்தபோது அவர் விட்டுச் சென்றவற்றுள், மகிழுந்து வாங்குவதற்காகப் பெற்ற 5,000 ரூபாய் வங்கிக் கடனும் ஒன்று. அதனை அவருடைய துணைவியார் தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்தைக் கொண்டு அடைத்தார்.

பின்னர் வந்த காலம்

அரியலூர் நிகழ்வு நடந்து ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்து, 1958 பிப்ரவரியில் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் 1.24 கோடி ரூபாய், முந்த்ரா என்னும் வணிகரின் நிறுவனங்களில் முறையற்று முதலீடு செய்யப்பட்டதே காரணம். இதனை விசாரித்தவர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்படையாக விசாரணை நடத்தி, செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பானவர் என்று அவர் அறிக்கை அளித்தார். சாஸ்திரி தாமாக முன்வந்து செய்ததை நீதிபதி சாக்ளா நெறியாகவே எழுதி வைத்தார் எனலாம்.

அதன்பின் இத்தகைய நிகழ்வுகள் அருகிவிட்டன. 1993இல் தில்லியில் ஒரு விமானம் விபத்துக்குள்ளானபோது, உயிர்ச்சேதம் இல்லாதிருந்தும், விமானப் போக்குவரத்து அமைச்சர் மாதவராவ் சிந்தியா பதவி விலகினார். 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசல் என்னுமிடத்தில் நிகழ்ந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று நிதிஷ்குமார் விலகினார். 2023 சூன் 2ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்து கொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட மூன்று ரயில்கள் சிக்கிய விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் விலக வேண்டும் என்னும் குரல் எழுந்தது, விலகல் நிகழவில்லை. இதனை ஒரு கட்சியின் குறையாக நாம் கூறவில்லை. எக்கட்சி ஆண்டாலும் இதுவே நடைமுறை ஆகிவிட்டது என்பதே நம் கவலை.

பொற்காலம் ஒன்று இருந்ததா?

இவ்விடத்தில் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு மக்கள் எல்லோரும் நேர்மையாளர்களாகவும் இன்றைய மக்கள் எல்லோரும் நேர்மையற்றவர்களாகவும் இருக்கிறார்களா? அவ்வாறு கூறுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வது ஆகாது.

1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்க 1955இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. வரதட்சணையைத் தடுக்க 1961இலேயே சட்டம் வேண்டியிருந்தது. நாம் பொற்காலம் என ஏங்கும் அந்நாட்களிலும் கைக்கூலி இருந்தது. பெண்பிள்ளையின் படிப்பு மறுக்கப்பட்டது. ஏழையின் வழக்கு ஏறாமல் போனது. சாஸ்திரியின் செயல் இத்தனை ஆண்டுகள் நினைக்கப்படுவதற்கே காரணம், அது அன்றும் அரிதாக இருந்தது என்பதுதான்.

அப்படியானால் நாம் உண்மையிலேயே இழந்தது எது? இதற்கு இஸ்லாமிய வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் அளித்த விளக்கம் துணைசெய்யும். 1332இல் துனிஸ் நகரில் பிறந்து, 1406இல் கெய்ரோவில் மறைந்த அவர், 1377இல் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில் சமுதாயங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்தார். மக்களை ஒன்றாகப் பிணைக்கும் பற்றுணர்வை அவர் 'அஸபிய்யா' என்று அழைத்தார். கடுமையான வாழ்க்கையில் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வோரிடம் இப்பிணைப்பு வலுவாக இருக்கும்; வசதியும் சொகுசும் பெருகப் பெருக, மூன்று நான்கு தலைமுறைகளில் அது தளர்ந்துவிடும்; அது தளர்ந்தபின் அரசும் தளரும் என்பது அவர் கண்ட முடிவு. காலம் கெட்டுவிட்டதெனப் புலம்பாமல், கெடுவதற்கான காரணத்தைத் தேடியவர் அவர்.

நம் ஊர்களையே எண்ணிப் பார்ப்போம். லப்பைகுடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் நம் மக்கள் சென்று பொருளீட்டினர். கூரை வீடுகள் மாடி வீடுகளாயின. பிள்ளைகள் பட்டம் பெற்றனர். இவையெல்லாம் இறைவன் அளித்த அருட்கொடைகள். இவற்றைக் குறை சொல்வது நன்றி மறப்பதாகும். ஆனால் கூரை வீட்டில் அடுப்பில் வைக்கப் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கினோம். திருமணத்திற்குத் தெருவே கூடிச் சமைத்தது. வாங்கிய கடனுக்குக் கடிதம் இல்லை, முகமே பத்திரம். பொய் சொன்னவர் மறுநாள் அதே ஹவுளில் எதிரே அமர்ந்து ஒளூச் செய்ய வேண்டியிருந்தது. ஒருவருக்கொருவர் முகம் காட்ட வேண்டியிருந்ததால் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது.

இன்று நமக்கு எவரிடமும் நெருப்பு வாங்கும் தேவையில்லை. தேவை நீங்கியது, அதனோடு வாசற்படி மிதிப்பதும் நீங்கியது. மனிதர் கெட்டுவிட்டனர் என்பதைவிட, மனிதரை நேர்மையாக வைத்திருந்த நெருக்கம் தளர்ந்துவிட்டது என்பதே பொருத்தமாகும். நெருக்கம் இருந்த இடத்தில் இன்று சட்டம் வந்து நிற்கிறது. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கான சட்டம் 2007இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கைவிடப்பட்ட தாயோ தந்தையோ கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு அளித்துப் பிள்ளையிடம் பராமரிப்புத் தொகை பெறலாம். அச்சட்டம் தேவையானது, பலருக்குச் சோறு போடுவது. ஆயினும் பெற்ற பிள்ளையிடம் கஞ்சி கேட்க மனு எழுதும் தாயின் நிலையை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

நம் மரபில் பொறுப்பு

பொறுப்பேற்கும் பண்பு நமக்குப் புதிதன்று. ஃபுராத் நதிக்கரையில் ஒரு கால்நடை தடுக்கி விழுந்தாலும், "அதற்குப் பாதையை ஏன் சீர்செய்யவில்லை?" என்று தம்மிடம் கேட்கப்படுமே எனக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாறுகள் எடுத்துரைக்கின்றன. அவர்கள் இருந்தது மதீனாவில். ஃபுராத் ஓடுவதோ இராக்கில். தாம் காணாத பாதையில், தாம் அறியாத ஒரு விலங்கு விழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய அச்சம். மருதையாற்றுப் பாலத்திற்குத் தில்லியில் இருந்தவர் பொறுப்பேற்றதை இதனோடு இணைத்துப் பார்த்தால், காலமும் சமயமும் வேறாயினும் நெறி ஒன்றே என்பது விளங்கும். பதவி என்பது அமானிதம், அமானிதத்திற்குக் கணக்குண்டு.

இந்நாட்டில் முஸ்லிம் வக்ஃபுகளுக்காக 1923இல் இயற்றப்பட்ட சட்டத்தின் முதன்மையான நோக்கமே, வக்ஃபுகளின் கணக்குகள் முறையாக எழுதப்பட்டு வெளியிடப்பட வேண்டும் என்பதுதான். முன்னோர் எழுதிவைத்த சொத்துகளின் வருவாய்க்குக் கணக்கில்லாமற் போன நிலையே அதற்குக் காரணம். 1995ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டமும் முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்திற்குக் கணக்கு அளிக்க வேண்டும் என விதித்தது. இன்று உங்கள் கைகளில் இருக்கும் இந்த ஆண்டறிக்கையும் அவ்வழியில் வந்ததே. இதன் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டாமல் மூடி வைப்பவர், தமக்குரிய கடமையில் ஒன்றைத் தவறவிடுகிறார். கேள்வி கேட்பது குழப்பம் விளைவிப்பது ஆகாது. கேட்பதும் ஓர் அமானிதமே.

நாங்கள் பதில் சொல்ல வேண்டியது

பணத்திற்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதுமா? சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் இங்கே பதிவு செய்கிறோம்.

தனியே வாழ்ந்துவந்த முதியவர் ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டில். மாதந்தோறும் பணம் வரும், வாரந்தோறும் பேசுவார்கள். அவருக்குப் பொருட்குறை இல்லை. முன் சஃப்பில் அவர் நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். தொடர்ந்து மூன்று நாட்கள் அவர் தொழுகைக்கு வரவில்லை. அவரது இடத்தில் வேறொருவர் நின்றார்; சஃப்பு நிறைந்தது; தொழுகை நடந்தது. எங்கே அவர் என்று எவரும் கேட்கவில்லை. நான்காம் நாள், அவர் வாசலில் வைத்த பால் பாக்கெட்டுகள் எடுக்கப்படாமல் கிடப்பதைக் கண்ட பால்காரர், சகோதர சமயத்தைச் சேர்ந்தவர், ஓடிவந்து மோதினாரிடம் சொன்னார். கதவைத் திறந்து பார்த்தபோது முதியவர் கடும் காய்ச்சலில் எழ இயலாமல் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம், இறையருளால் பிழைத்தார். அவர் எவரையும் குறை சொல்லவில்லை. "யாராவது வருவாங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய பிள்ளைகளைப் பழிப்பது எளிது, சிலர் பழித்தனர். ஆனால் அவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். நாங்களோ ஒரு தெருவுக்கு அப்பால் இருந்தோம். எங்கள் தஃப்தரில் அவருடைய சந்தா நிலுவை இன்றிப் பதிவாகி இருந்தது. அவர் மூன்று நாட்களாகக் காணப்படாதது எங்கும் பதிவாகவில்லை. மருதையாற்றுப் பாலத்தின் கதையைச் சொல்லிவிட்டு இதனைச் சொல்லாமல் விட்டால் அக்கதையைச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. இதற்கு நிர்வாகக் குழுவாகிய நாங்களே பொறுப்பு. ஜமாஅத்தார் முன்னிலையில் இதனை ஒப்புக்கொள்கிறோம். அவரிடம் நேரில் சென்று மன்னிப்பும் கேட்டோம்.

அதன்பின் தெருவுக்கு இருவர் என அமர்த்தியுள்ளோம். தனித்து வாழும் முதியோர், கணவரை இழந்த பெண்கள், நோயாளிகள் உள்ள வீடுகளை அவர்கள் நாள்தோறும் சென்று நலம் கேட்டு வருகின்றனர். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்குப் பெண்களே செல்கின்றனர். ஜமாஅத்தில் உறுப்பினரா, முஸ்லிமா என்று பார்த்து எந்த வீட்டையும் தாண்டிச் செல்வதில்லை. முதலில் பால்காரர்தானே நமக்காக ஓடிவந்தார்! இதற்குப் பணம் தேவைப்படவில்லை. கால்மணி நேரமும், வாசற்படி மிதிக்கும் மனமுமே தேவைப்பட்டன.

நிறைவாக

நெருப்பு வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போன காலம் திரும்ப வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். தேவையால் உண்டான நெருக்கம் தேவையோடு போயிற்று. இனி நெருக்கம் வேண்டுமாயின் அதனை நாமே எண்ணித் துணிந்து உண்டாக்க வேண்டும். அதற்கு முதற்படி, "யார் காரணம்?" என்று விரல் நீட்டுவதை விடுத்து, "என் பொறுப்பில் இருந்தது எது?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. அமைச்சர் தம் துறையிலும், நிர்வாகி தம் ஜமாஅத்திலும், தந்தை தம் வீட்டிலும், மகன் தம் பெற்றோரிடத்திலும் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், காலம் கெட்டுவிட்டது என்னும் பேச்சுக்கு இடம் குறையும்.

மருதையாற்றில் இன்றும் பாலம் இருக்கிறது. அதன்மீது நாள்தோறும் ரயில்கள் செல்கின்றன. அடுத்த முறை அரியலூரைக் கடந்து அப்பாலத்தின் ஓசையைக் கேட்கும்போது, 1956இல் அங்கு மடிந்தோரை ஒரு கணம் நினைவுகூர்வோம். அவர்களுக்காகப் பதவி துறந்தவரையும் நினைவுகூர்வோம். ஊர் திரும்பியதும், நம் தெருவில் கதவு திறக்கப்படாத வீடு ஏதேனும் உண்டா என்று பார்ப்போம்.

நம் ஒவ்வொருவரையும் அமானிதம் பேணுவோராகவும், அண்டை வீட்டாரின் நலம் அறிந்தோராகவும் ஆக்கி வைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.